கையெழுத்துக்குப் போன 1,680 டாலர்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரயில் கம்பெனிகள் அந்தக் காலத்தில் அடித்த பண நோட்டுகளைச் சேர்ப்பவன் நான். அப்படி மூன்று பழைய அமெரிக்க நோட்டுகளுக்குக் கொடுத்தது 1,650 டாலர். அவற்றைச் சோதனைக்கு அனுப்பிய கட்டணமும் தபால் காப்பீடும் 160. கடைசியில் விற்றுக் கையில் வந்தது 130. ஆக 1,680 டாலர் போச்சு, கூடவே ஒன்பது மாதமும். இது வீட்டை விற்கும் அளவுக்கான நஷ்டம் இல்லைதான். ஆனால் அந்த ஒன்பது மாதத்தில் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமில்லை. தமிழில் யாராவது இதை எழுதி வைத்திருந்தால் படித்திருப்பேன். யாரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். தேதி குத்திய பழைய அட்டை டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ரயில் சம்பந்தப்பட்ட காகிதம் என்றால் எனக்கு இருக்கும் பலவீனம் அந்த டப்பாவில் தொடங்கியது. இப்போது ஏழு வருடமாக ஒஹாயோவில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். தமிழர்களுக்கு இந்த ஊர் தியாகராஜ ஆராதனையால் பழக்கம். எனக்கு இன்னொரு விஷயத்தாலும் பழக்கமாகிவிட்டது.

1836இல் இங்கே ஒஹாயோ ரெயில்ரோடு என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஈரி ஏரிக் கரையோரமாக, பென்சில்வேனியா எல்லையிலிருந்து மாமீ ஆறு வரை பாதை போடுவது திட்டம். மண் கொட்டி மேடு கட்டுவதற்குப் பதிலாக மரக்கட்டைகளைத் தரையில் வரிசையாக அறைந்து, அவற்றின் தலைமேல் தண்டவாளம் போடப் போனார்கள். அடுத்த வருடமே மாநில அரசு ரயில், கால்வாய்க் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு சட்டம் போட்டது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘கொள்ளைச் சட்டம்’. 1840இல் அதை ரத்து செய்தார்கள். 1843இல் கம்பெனி படுத்தது. பாதையில் கட்டைகள் நின்றன, ஒரு ரயில்கூட ஓடவில்லை. ஆனால் அந்தக் கம்பெனி தன் பெயரில் டாலர் நோட்டு அச்சடித்து ஊருக்குள் விட்டிருந்தது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரயில் கம்பெனி எப்படி நோட்டு அடிக்கும் என்று கேட்கலாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் நோட்டு அடிப்பது அரசின் வேலையாக இருக்கவில்லை. மாநிலத்திடம் உரிமம் வாங்கிய எந்த வங்கியும் அடிக்கலாம். பாதை போடப் பணம் வேண்டும், பணம் போடுகிறவர்கள் குறைவு. அதனால் பல மாநிலங்கள், குறிப்பாகத் தெற்கே, ரயில் உரிமத்தோடு வங்கி உரிமத்தையும் சேர்த்தே கொடுத்தன. ‘ரெயில் ரோடு அண்ட் பேங்கிங் கம்பெனி’ என்று பெயரிலேயே இரண்டும் இருக்கும். நோட்டைக் கொண்டு போய் நீட்டினால் வெள்ளியோ தங்கமோ தருவோம் என்பதுதான் அதில் அச்சிட்டிருக்கும் வாக்கு. 1837 மே 10ஆம் தேதி நியூயார்க் வங்கிகள் உலோகக் காசு கொடுப்பதை நிறுத்தின. மற்ற ஊர்களும் அதே வழியில் போக, இந்த வாக்குகள் எல்லாம் காற்றில் பறந்தன. மிசிசிப்பியில் பிராண்டன் என்ற சிற்றூரில் இருந்த மிசிசிப்பி அண்ட் அலபாமா ரெயில் ரோடு கம்பெனி அடித்துத் தள்ளிய நோட்டுகள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. ஜார்ஜியாவில் மன்ரோ ரெயில் ரோடு அண்ட் பேங்கிங் கம்பெனி மேக்கனிலிருந்து பாதை போட்டு ரயிலும் விட்டது. இருந்தும் 1845இல் ஏலத்துக்குப் போய் வேறு பெயரில் மறுபிறவி எடுத்தது.

என் முதல் நோட்டை ஒரு காசுக் கண்காட்சியில் வாங்கினேன். மிச்சிகனில் ஏட்ரியன் என்ற ஊரில் இருந்த ஈரி அண்ட் கலமசூ ரெயில்ரோடு பேங்கின் நோட்டு, 45 டாலர். டொலீடோவுக்கும் ஏட்ரியனுக்கும் நடுவே 33 மைல் ஓடிய அந்த ரயிலை 1836இல் முதலில் குதிரைகள்தான் இழுத்தன. அடுத்த வருடம்தான் எஞ்சின் வந்தது. 1849இல் பாதையையே வேறொரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். ஆனாலும் வங்கி மட்டும் 1850களில் ரயில் பெயரிலேயே நோட்டு வெளியிட்டது. அந்த நோட்டு நல்ல நோட்டு, நியாய விலை. அங்கேயே நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. அச்சகத்திலிருந்து நோட்டுகள் பெரிய தாளாக, நாலு நாலாக வரும். அப்போது அது வெறும் காகிதம். வங்கியில் ஒருவர் வரிசை எண்ணையும் தேதியையும் கையால் எழுதி, தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது பணம். கம்பெனி திவாலானபோது கையெழுத்தே படாமல் கட்டுக்கட்டாகத் தங்கிப்போனவை உண்டு. சேகரிப்பவர்கள் அவற்றை ‘ரிமைண்டர்’ என்கிறார்கள். கையெழுத்துப் பட்டு ஊருக்குள் புழங்கியது ‘இஷ்யூட்’. சில கம்பெனிகளில் புழங்கியவை ஏராளமாகக் கிடைக்கும், ரிமைண்டர் அரிது. வேறு சிலவற்றில் நேர் எதிர்: ரிமைண்டர் நாற்பது டாலருக்குக் கிடைக்கும், கையெழுத்துப் பட்டது கண்ணில் படுவதே அபூர்வம். விலை பத்து மடங்குக்கு மேல் ஏறும். அந்த வித்தியாசம் முழுவதும் நாலு சொட்டு மைக்குத்தான்.

எனக்கு வந்த மூன்று நோட்டும் இந்த இரண்டாவது வகை. தெற்கு மாநிலம் ஒன்றின் ரயில் வங்கி, 5, 10, 20 டாலர். கம்பெனி பெயரைச் சொன்னால் விற்றவர் யார் என்று சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். ஆன்லைனில்தான் பழக்கம். நன்றாகப் பேசுவார். ராத்திரி பதினொரு மணிக்குக் கேள்வி கேட்டாலும் பதில் வரும். தாத்தாவின் பெட்டியில் இருந்தது, குடும்பச் சொத்து, நல்ல கைக்குப் போக வேண்டும் என்றார். இந்தக் ‘குடும்பப் பெட்டி’ கதையை இப்போது யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது அப்பாவின் பிஸ்கெட் டப்பா ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிந்து நான் செய்த முதல் தப்பு அதுதான்: நோட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தப்பு பணம் அனுப்பிய விதம். பொருள் வாங்குவதாகக் குறிப்பிட்டு அனுப்பினால் கமிஷன் பிடிப்பார்கள், நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பினால் ஐம்பது டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். ஐம்பது டாலர் மிச்சம் என்று சந்தோஷமாக அனுப்பினேன். நண்பருக்கு அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு எதுவும் கிடையாது என்பதைப் பிறகுதான் படித்தேன். அனுப்பும் முன்னால் அதே திரையிலேயே எழுதியிருந்தது என்பது வேறு விஷயம்.

நோட்டுகள் வந்தன. பழைய பிளாஸ்டிக் உறையைத் திறந்ததும் புது ஷவர் திரை வாசம் குப்பென்று அடித்தது. அது பிவிசி. நாளாக ஆக அது காகிதத்தைப் பிசுபிசுப்பாக்கிக் கெடுக்கும். அந்த வாசம் வந்தால் நோட்டை உடனே வெளியே எடுத்து மைலார் (பாலியெஸ்டர்) உறைக்கு மாற்றுங்கள். நான் அதையாவது செய்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த சோதனைகளைச் செய்தேன். லென்ஸில் பார்த்தால் படத்தின் கோடுகள் ஊசி முனையில் இழுத்தது போல இருந்தன, பிரதிகளில் வரும் புள்ளிகள் இல்லை. விரல் நுனியில் மையின் மேடு தட்டியது. புற ஊதா விளக்கைக் காட்டினேன். இந்தக் காலத்துக் காகிதத்தில் வெளுப்பூட்டி கலந்திருப்பதால் பளிச்சென்று நீலமாக ஒளிரும். இது ஒளிரவில்லை. அவ்வளவுதான், வெற்றி என்று மனைவியிடம் காட்டினேன். “ஏங்க, தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது ஒரு தடவ காட்டிட்டு வாங்கியிருக்கலாமே” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. காகிதம் அசல் என்று நிரூபித்துவிட்டேனே, இன்னும் என்ன? காகிதம் அசல்தான். நான் காசு கொடுத்ததோ கையெழுத்துக்கு. அதை நான் சோதிக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு கண்காட்சிக்கு மூன்றையும் எடுத்துப் போனேன். பெருமையடிக்கத்தான், வேறொன்றுமில்லை. ஒரு மேஜையில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் வியாபாரி ஒருவர். 20 டாலர் நோட்டை வாங்கி, படத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் காசாளர் கையெழுத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் லென்ஸை என்னிடம் கொடுத்து ஓர் இடத்தைப் பென்சில் முனையால் காட்டினார். நோட்டு நெடுக்காக ஒரு முறை மடிந்திருந்தது. கையெழுத்தின் நீண்ட வால் அந்த மடிப்பைக் கடக்கும் இடத்தில் மை இருபுறமும் பூரான் கால் போலக் கசிந்திருந்தது. மடிப்பில் காகிதத்தின் நார் உடைந்திருக்கும், அதன்மேல் எழுதினால் மை நாரோடு ஓடும். முதலில் எழுதி, பிறகு மடிந்திருந்தால் மை கசியாது, மடிப்பின் முகட்டில் தேய்ந்து வெளிறியிருக்கும். அதாவது இந்த நோட்டு மடிந்து பழசான பிறகுதான் யாரோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 10 டாலர் நோட்டிலும் அதே. 5 டாலர் நோட்டில் மடிப்பே இல்லை, ஆனால் மூன்றிலும் வரிசை எண்ணின் 7, தலைவர், காசாளர் இருவரது பெயர் எழுத்துகள், எல்லாம் ஒரே கை. பார்த்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பார்க்கிங்கில் காருக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் போனது இரண்டாவது வருத்தம்தான். அதைவிட, இத்தனை நாள் நான் அந்தக் கையெழுத்துகளைப் பார்த்து அந்தக் காசாளரைப் பற்றிக் கற்பனை செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கமாக இருந்தது.

மையைப் பற்றி அவர் சொன்னதையும் பிறகு நான் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் காலத்து மை, நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சுவார்களே, அதன் உறவுதான். அங்கே கடுக்காய்க்குப் பதில், ஓக் மரத்தில் பூச்சியால் காய் போல வளரும் முண்டு. எழுதிய பிறகு காற்றுப் பட்டுக் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும், ஆனால் ஒரே சீரான பழுப்பாக ஆகாது. பேனா தயங்கி நின்ற இடத்தில் கறுப்பாகவும் வேகமாக ஓடிய இடத்தில் வெளிறியும் இருக்கும். சில இடத்தில் காகிதத்தையே அரித்திருக்கும், பின்பக்கம் திருப்பினால் நிழல் தெரியும். இந்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் வெறுமை என்பதால் பார்ப்பது எளிது. என் மூன்று நோட்டிலும் தேநீர் நிறத்தில் ஒரே சீரான பழுப்பு. பின்பக்கம் சுத்தம். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின்பக்கப் படம். தராவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அதன் பிறகும் ஒரு நப்பாசையில் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். மூன்று மாதம் ஆயிற்று. பதில் எதிர்பார்த்ததுதான்: நோட்டு அசல், ரிமைண்டர், எண்ணும் கையெழுத்தும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. விற்றவருக்கு அந்த அறிக்கையை அனுப்பினேன். எனக்கு எப்படி வந்ததோ அப்படியே விற்றேன் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ராத்திரி பதினொரு மணிக்கும் பதில் இல்லை, பகல் பதினொரு மணிக்கும் இல்லை. அவர் வேறு மாநிலம். சிறு வழக்கு போட்டாலும் அலைச்சலுக்கே ஆயிரம் டாலர் ஆகும் என்று விட்டுவிட்டேன். அவரே தெரிந்து செய்தாரா, அவரும் ஏமாந்தாரா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. வாங்கும் முன்பே ‘தரமதிப்பீட்டில் தேறாவிட்டால் இத்தனை மாதத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். நல்ல வியாபாரிகள் இதற்குத் தயங்குவதில்லை. விலை சில நூறு டாலரைத் தாண்டினால், முன்பே மதிப்பிட்டு உறைக்குள் சீல் வைத்த நோட்டையே வாங்குவது புத்திசாலித்தனம். ஏலத்தில் எடுப்பதானால் கேட்ட விலைக்கு மேல் 20 சதவீதமோ அதற்கும் மேலோ வாங்குபவர் கட்டணம் சேரும், அதையும் மனக்கணக்கில் வையுங்கள்.

அப்புறம், ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகள் படத்தோடு இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. அதே வங்கியின் கையெழுத்துப் பட்ட நோட்டு ஐந்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். நோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் தேதியோடு பொருத்திப் பாருங்கள். ராடன், ரைட் அண்ட் ஹாட்ச் என்ற அச்சகத்தின் பெயரோடு எட்சன் சேர்ந்தது 1847இல். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி உருவானது 1858இல். எட்சன் பெயர் போட்ட நோட்டில் யாராவது 1840 என்று மையால் தேதி எழுதியிருந்தால் எழுதியவர் சரித்திரம் படிக்கவில்லை என்று அர்த்தம். படத்தை மட்டும் நம்பாதீர்கள். நோட்டில் இருக்கும் எஞ்சின் அந்தக் கம்பெனியின் எஞ்சின் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அச்சகங்கள் ஒரே படத்தைப் பத்து வங்கிகளுக்குப் போட்டுக் கொடுத்தன. எஞ்சினே வாங்காத கம்பெனியும் எஞ்சின் படம் கேட்டு வாங்கிப் போடலாம். அந்தக் காலத்திலேயே அடித்த கள்ள நோட்டுகளும் உண்டு. அவற்றையும் விரும்பிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது தனி உலகம். மொடமொடப்பான மஞ்சள் காகிதத்தில் வரும் நினைவுப் பொருள் பிரதிகள் இன்னொரு உலகம். 8894 என்ற எண்ணோடு வரும் பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் 1,000 டாலர் நோட்டை யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள், அந்தப் பிரதி ஊர் உலகமெல்லாம் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்ட என் நண்பன் ஒருவன், பழைய நோட்டை அந்த ரயிலின் வாரிசுக் கம்பெனியிடம் கொடுத்து வட்டியோடு மாற்ற முடியாதா என்று ஆர்வமாகக் கேட்டான். முடியாது. திவாலான கம்பெனியின் வாக்கு அதோடே போயிற்று. மாநில வங்கி நோட்டுகள் மீது 1865இல் பத்து சதவீத வரி போட்டு அந்த வகைப் பணத்தையே அரசு ஒழித்துக்கட்டியது. பழைய ரயில் பத்திரங்களைக் காட்டி, இன்றைக்கும் தங்கத்தில் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று ஏமாற்றும் கூட்டம் உண்டு. அமெரிக்கக் கருவூலமே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சேகரிப்பவர் கொடுக்கும் விலையைத் தவிர இந்தக் காகிதங்களுக்கு வேறு விலை கிடையாது.

மூன்றையும் உண்மையைச் சொல்லித்தான் விற்றேன். உறைக்குள் ஒரு சீட்டில் ‘எண்ணும் கையெழுத்தும் பிற்காலத்தவை’ என்று எழுதி வைத்தேன். 5க்கும் 10க்கும் தலா 35, இருபதுக்கு 60 டாலர் கிடைத்தது. இரண்டு மாதம் முன்பு ஓர் இணைய ஏலத்தில் அதே 20 டாலர் நோட்டைப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் பாக்குக் கறை போல ஒரு புள்ளி, அதே வரிசை எண், மடிப்பில் அதே பூரான் கால். என் சீட்டைக் காணோம். ‘கையெழுத்திட்டுப் புழங்கியது, அரிது’ என்று போட்டு 600 டாலரில் தொடங்கியிருந்தார்கள். என்னிடம் இருந்த அறிக்கையையும் படங்களையும் அனுப்பினேன். பதில் வரவில்லை, ஆனால் மறுநாள் அந்த ஏலம் பட்டியலில் இல்லை. எங்கே போயிற்று என்று தெரியாது. வரிசை எண் 1177. கண்ணில் பட்டால் மடிப்பைப் பாருங்கள்.